வீட்டுப் பற்றறி

பொன்னம்பல வாத்தியார் கண் பார்க்கிற எழுத்துப் பலகையின் நான்காவது வரியை வாசித்துக்கொண்டிருந்தபோது, அதற்கு வெளிச்சம் தந்த பற்றறி செத்தது. சட்டென்று சாகவில்லை. பலகைக்குப் பின்னால் எரிந்த விளக்கு முதலில் மஞ்சளாகி, பிறகு பழுத்த பூவரசம் இலையின் நிறமாகி, எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பலகைக்குள் போய் ஒளித்துக்கொண்டன. வாத்தியார் ஸ்டூலில் இருந்தபடியே இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, கடைசியிலை என்ரை கண் முழுக்கப் போட்டுது."

கண் பார்த்துக்கொண்டிருந்த அன்புராஜா எழுந்து, தன்னுடைய வாகனமான பெட்டி வானின் கறுப்புத் திரையை இழுத்து விலக்கி, வெளியே அடித்த பங்குனி வெயிலைக் காட்டினான். உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை வாத்தியார், போனது என்னுடைய லைற்றுத்தான் என்று சொன்னான். வாத்தியார் வெயிலைப் பார்த்தார், மாமரத்தைப் பார்த்தார், மரத்துக்குக் கீழே நின்ற என்னைப் பார்த்தார். சந்தோஷத்தில் அன்றைக்கே மருதனார்மடச் சந்தை முழுக்க இந்தக் கதையைச் சொல்லித் திரிந்தார். மரக்கறி வாங்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அன்புராஜாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் முந்தின கிழமையும் அதே மங்கல் லைற்றில் கண் பார்த்து, மீனாம்பிகை என்கிற பெண்ணுக்குப் பவர் கூடிப்போன கண்ணாடி கொடுத்துவிட்டான். அவள் அதைப் போட்டுக்கொண்டு கிணற்றடி வாய்க்காலைத் தாண்டப்போய் முழங்கால் சிராய்ந்து வந்து நின்றாள். புதுக் கண்ணாடி செய்து கொடுத்தான். ஆனாலும் அவன் மனதில் அந்த முழங்கால் கிடந்தது.

இது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. காங்கேசன்துறையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன் அன்புராஜா. இடம்பெயர்ந்தபோது கடையை விட்டுவிட்டு, கிராமம் கிராமமாகக் கண் பார்க்கப் போக வைத்திருந்த பழைய பெட்டி வானில் கண்ணாடிப் பெட்டிகளையும், வில்லை தீட்டுகிற சின்ன மோட்டரையும், வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்த வாட்டர் பம்மையும் ஏற்றிக்கொண்டு மனைவி தேவகுமாரியோடு வந்தான். தேவாலய மண்டபத்தில் இருந்தார்கள். பள்ளிக்கூட வகுப்பறையில் நான்கு குடும்பத்தோடு இருந்தார்கள். கோப்பாயில் அவனுடைய அண்ணன் இராசசிங்கத்தின் வீட்டு விறாந்தையிலும் கொஞ்சக் காலம். பிறகுதான் இணுவிலில் எங்கள் வளவுக்கு வந்து மாமரத்துக்குக் கீழே வானை நிறுத்தினார்கள். பிள்ளைகள் இல்லை. பகலில் கண் பார்க்கிற வான், மற்ற நேரம் அவர்கள் படுக்கிற, சமைத்ததைக் கொண்டுவந்து வைத்துச் சாப்பிடுகிற, ஒருவரோடொருவர் கோபித்துக்கொள்கிற இடமாக இருந்தது.

அந்த வானுக்கு இரண்டு பற்றறி. முன்னால் இருப்பது எஞ்சின் ஸ்ராட் பண்ண. பின்னால் கட்டிலுக்குக் கீழே இருப்பது லைற்றுக்கும் மோட்டருக்கும். பின்னால் இருந்ததை அவர்கள் வீட்டுப் பற்றறி என்றே சொல்லுவார்கள். கண் பார்ப்பதற்கு இருட்டும் வேண்டும், அந்த இருட்டுக்குள் ஆடாத ஒரு வெளிச்சமும் வேண்டும். தீட்டுகிற மோட்டர் சுற்றாவிட்டால் வில்லை சட்டத்துக்குள் இறங்காது. மின்சாரம் குடாநாட்டை விட்டுப் போய் எவ்வளவோ காலம். புதுப் பற்றறியும் உள்ளே வருவதில்லை. யாரிடமாவது இருக்கிற பழசில் ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

செய்தி கேட்டு இராசசிங்கம் மறுநாளே சைக்கிளில் வந்துவிட்டார். நல்ல மனிதர். தம்பியின் மேல் உயிர். ஆனால் வந்ததும் சொன்னது, வானைக் கொடுத்துவிட்டு வா என்பதுதான். புகையிலை வியாபாரி இராசநாயகம் சாமான் ஏற்ற ஒரு வான் தேடுகிறாராம். இதைப் பார்க்க ஆசைப்படுகிறாராம். கட்டில், பலகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் இருபது சிப்பம் ஏறும் என்று கணக்குப் போட்டும் வைத்திருக்கிறாராம். கோப்பாயில் விறாந்தையை மறைத்துத் தட்டி கட்டித் தருகிறேன் என்றார் இராசசிங்கம்.

தேவகுமாரி முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அத்தான், உங்கடை விறாந்தை நல்ல விறாந்தை. ஆனால் அதிலை நான் விடிய எழும்பினால் பாயைச் சுருட்டி ஒளிக்கவேணும். இதுக்குள்ளை என்ரை பாய் விரிச்சபடி கிடக்கும். எனக்கு அது காணும்."

அன்புராஜா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே ஒரு முடிவைச் சொன்னான். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் பருத்தித்துறைக்கு மூன்று நாள் வரும்படி அங்கத்தைய போதகர் கேட்டிருக்கிறார். அறுபது பேர் வரையில் கண் பார்க்க இருக்கிறார்கள். அது சரிவந்தால் மாதாமாதம் போகலாம்.

"மூண்டு நாளும் லைற் நிண்டு எரிஞ்சுதெண்டால் வான் எங்களோடை. நிக்காட்டில் அண்ணை சொன்ன ஆளுக்குக் குடுப்பம். பொய் வெளிச்சத்திலை இனி ஒருத்தருக்கும் கண் பாக்கமாட்டன்."

"ஓம்" என்றாள் தேவகுமாரி. அவ்வளவுதான். திரும்பவும் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

மாற்றுவதற்கு அவர்களிடம் இருந்தது அந்த வாட்டர் பம் ஒன்றுதான். தோட்டம் செய்கிற ஊரில் பம்முக்கு எந்தப் பற்றறியும் கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு தரம்தான் மாற்றலாம். பிழைத்தால் அடுத்ததற்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

சனிக்கிழமை இராசசிங்கத்தோடு மூன்று பேருமாகத் தெருச் சந்திக்குப் போனார்கள். அங்கே ஒரு கொட்டிலில் நமசிவாயம் என்பவர் ஒரு பழைய எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓடவிட்டு ஊராரின் பற்றறிகளுக்குச் சாச் ஏற்றிக் கொடுத்துவந்தார். அவர் இடுப்பில் கட்டியிருக்கிற சாரம் அசிட் தெறித்துத் தெறித்து இடியப்பத் தட்டுப் போல இருக்கும். அவர் உள்ளேயிருந்து ஒரு லொறிப் பற்றறியைத் தூக்கிவந்து பலகையில் வைத்து, ஒரு தடித்த வயர்த் துண்டை எடுத்து இரண்டு முனைக்கும் குறுக்கே தட்டினார். நீலப் பொறி பறந்தது. பார்த்துக்கொண்டு நின்ற ஆண்களெல்லாம் ஒரு அடி பின்னால் போனார்கள், உடனே இரண்டு அடி முன்னால் வந்தார்கள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டும், அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பற்றறி பார்க்கிறதென்றால் இதுதான். பொறி பெரிதென்றால் பற்றறி நல்லது. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. இராசசிங்கம், தம்பி இதை விடாதே என்றார். வானில் பூட்டி ஸ்ராட் பண்ணியும் பார்த்தார்கள். அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்தது. பம்மைக் கொண்டுவர அன்புராஜா திரும்பினான்.

"கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள் தேவகுமாரி. "நமசிவாயம் அண்ணை, நாங்கள் பொறியிலையே கண் பாக்கிறது? பொறி காணுமெண்டால் நான் ஒரு நெருப்புப்பெட்டி வாங்கியிருப்பன். இது எனக்கு விடியத் தொடங்கிப் பின்னேரம் மட்டும் ஒரே மாதிரி எரியவேணும். மூண்டு நாளைக்குத் தாங்கோ. பாத்திட்டுப் பம்மைத் தாறன்."

நமசிவாயம் சிரித்தார். "தங்கச்சி மாப்பிளை பாக்கிற மாதிரியெல்லோ பற்றறி பாக்கிறியள்."

"மாப்பிளையை நான் ஒரு நாள்தான் பாத்தனான்" என்றாள். கொட்டிலே சிரித்தது. அன்புராஜாவும் சிரித்தான், பற்றறி செத்த பிறகு முதல் தடவையாக.

மறுநாளிலிருந்து அவள் செய்த வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காலை எட்டு மணிக்கு வானின் திரைகளை இழுத்து மூடி, எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டு, கண் பார்க்கிறவர்கள் இருக்கிற ஸ்டூலில் தான் போய் இருந்தாள். கடைசி வரியில் மணிச் சம்பா அரிசி அளவில் ஆறு எழுத்து. அவளுக்குக் கண் நல்ல கண். அந்த வரி தெரிகிறதா என்று பார்த்துக் கொப்பியில் நேரத்தை எழுதிவிட்டு வெளியே வருவாள். அடுப்பைப் பார்ப்பாள், உடுப்புத் தோய்ப்பாள். மணிக்கொரு தரம் திரும்ப உள்ளே போவாள். அப்படிப் போகிற ஒவ்வொரு தரமும் மோட்டரையும் கொஞ்ச நேரம் சுழலவிடுவாள். மற்றவர்கள் அந்தப் பலகையை வைத்துக் கண்ணைச் சோதித்தார்கள். அவள் தன் கண்ணை வைத்துப் பற்றறியைச் சோதித்தாள்.

முதல் நாள் மூன்று மணி வரை கடைசி வரி தெரிந்தது. திரும்பச் சாச் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் பன்னிரண்டரைக்கே ஆறு எழுத்தில் இரண்டு போய்விட்டது. மூன்றாம் நாள் நான் ஒடியல் மா அரித்துக்கொண்டிருக்கிறேன், பத்தரை மணிக்கு அவள் இறங்கி வந்தாள். கொப்பியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு கோப்பை தேத்தண்ணீர் தாருங்கோ அக்கா என்று கேட்டாள். பனங்கட்டியைக் கடித்துக் கடித்து அதை முழுக்கக் குடித்தாள். குடித்து முடித்ததும் எழும்பிப் போய் அன்புராஜாவைக் கூட்டிக்கொண்டு, லொறிப் பற்றறியை வானிலேயே வைத்து நமசிவாயத்திடம் திருப்பிக் கொண்டுபோனாள்.

நமசிவாயத்துக்குக் கோபம் வந்ததாம். இது லொறியில் இருந்தால் இன்னும் இரண்டு வருடம் நிற்கும், நீங்கள் சாச்சை அடிவரைக்கும் குடித்துவிட்டு அதைக் குறை சொல்லுகிறீர்கள் என்றாராம். தேவகுமாரி அதை மறுக்கவில்லை. எங்களுக்கு அடிவரைக்கும் குடிக்கவிடுகிற பற்றறிதான் வேண்டும் அண்ணை, அப்படி ஒன்று இருக்கிறதோ என்று கேட்டாள். அந்த மனிதருக்குப் பம்மின் மேல் எவ்வளவு ஆசை என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

"கோண்டாவில் ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை பரமலிங்கம் எண்டு ஒரு ஆள். றெயில் பெட்டியளுக்கு லைற் பாத்தவர். அவரிட்டை போய்ப் பாருங்கோ. ஆனால் ஆள் கொஞ்சம் முறுக்கு. நான் அனுப்பினதெண்டு சொல்லாதையுங்கோ."

றெயில் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. பரமலிங்கத்தின் கொட்டிலில், றெயில் பெட்டிக்குக் கீழே தொங்குகிற கறுத்தப் பற்றறிச் சாடிகள் பன்னிரண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஆளின் முழங்கால் உயரம். ஆறைச் சேர்த்தால் ஒரு லொறிப் பற்றறியின் கணக்கு. சாடியின் மேல் சோக்கினால் இலக்கம் எழுதி, மாரி மழையில் பிடித்த தண்ணீரைப் போத்தல்களில் வைத்து அளவாக வார்த்து, சின்னதொரு காற்றாடியில் சாச் ஏற்றி, அவற்றை வளர்த்து வைத்திருந்தார் மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. ஒரு அசிட் ஓட்டை கிடையாது.

வயரைத் தட்டிப் பார்க்கலாமோ என்று அன்புராஜா கேட்டான். பரமலிங்கம் அவனைச் சின்ன வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். லொறிப் பற்றறியின் தகடு அப்பளம், இதனுடைய தகடு தோசைக்கல் என்றார். அப்பளம் ஒரே வீச்சில் பொரிந்து எழும்பும், அதைத்தான் நீங்கள் பொறி என்று வாயைப் பிளந்து பார்க்கிறீர்கள் என்றார்.

"றெயில் ஸ்ரேசனிலை நிக்கேக்கையும் பெட்டிக்குள்ளை லைற் எரியவேணும், தம்பி. அதுக்குச் செய்தது இது. ஓடேக்கை நிரம்பும், நிக்கேக்கை குடுக்கும். உங்களுக்கும் அந்தத் தொழில்தானே."

தேவகுமாரியின் முகம் மலர்ந்துவிட்டது. ஓடும்போது நிரம்பி, நிற்கும்போது கொடுப்பது. இதற்கு மேல் என்ன வேண்டும்.

அவர் ஆறு சாடியைத் தெரிந்து எடுக்கத் தொடங்கினார். அசிட் பார்க்கிற கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, தலையைப் பின்னால் சரித்துப் பார்ப்பார். குழாய்க்குள் ஒரு மிதப்பு இருக்கும். அது உயர்ந்து நின்றால் சாடி நிறைவு. அடியில் கிடந்தால் செத்தது. ஒன்று, முழுசு. இரண்டு, முழுசு. நான்காவதை அவர் முழுசு என்று சொன்னபோது தேவகுமாரி குழாயைப் பார்த்தாள். மிதப்பு அடியில் படுத்துக் கிடந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. இந்த மனிதருக்குக் கிட்டப் பார்வை போய் எத்தனையோ காலம். குழாய் பளிச்சென்று தெரிகிற மாதிரி நினைவில் வாசித்துக்கொண்டிருக்கிறார். பிழை என்று சொன்னால் முறுக்கிக்கொண்டு கதவைச் சாத்துவார். சொல்லாவிட்டால் செத்த சாடியோடு பருத்தித்துறைக்குப் போக வேண்டும். அன்புராஜாவும் அதைப் பார்த்துவிட்டான். சொல்ல வாயெடுத்தான். அவள் அவனுடைய முழங்கையில் தொட்டாள்.

"ஐயா, உங்களிட்டைச் சாமான் எடுக்கிறம். எங்கடை தொழிலிலையும் நீங்கள் ஒண்டு எடுக்கவேணும். கிட்ட வாசிக்கிறதுக்கு ஒரு கண்ணாடி போட்டுப் பாருங்கோவன்."

"எனக்குக் கண்ணிலை ஒரு பிழையுமில்லை."

"பிழை எண்டு ஆர் சொன்னது. ஐம்பது கடந்தால் எல்லாருக்கும் கை கட்டையாப் போகும்."

கை கட்டையாகிறது என்ற கதை அவருக்குப் பிடித்துவிட்டது. நீட்டிப் பிடித்திருந்த தன் கையைத் தானே பார்த்தார். கிட்டப் பார்வைக்கு இருட்டும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். பகல் வெளிச்சமும் ஒரு பெட்டி வில்லையும் போதும். அன்புராஜா வானிலிருந்து பெட்டியை எடுத்துவந்தான். அவரை முற்றத்தில் இருத்தி, பழைய பேப்பரைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றி வைத்தான். இது நல்லதோ, முந்தினது நல்லதோ. இதுவோ, அதுவோ. ஆறுதலாக, அவசரப்படாமல் கேட்டான். கடையில் இருந்த காலத்து அன்புராஜாவை அன்றைக்குத்தான் திரும்பப் பார்த்தேன் என்று தேவகுமாரி பிறகு என்னிடம் சொன்னாள்.

கண்ணாடியைப் போட்டதும் பரமலிங்கம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பிக் கொட்டிலுக்குள் போனார். இவர்கள் பின்னால் போகவில்லை. பன்னிரண்டு சாடிக்கும் குழாயை விடுகிற சத்தம் மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டது. நெடுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"அஞ்சு செத்துக் கிடக்குது. ரெண்டு வருசமாச் செத்ததுக்குத் தண்ணி வாத்துக்கொண்டிருந்திருக்கிறன்." நிறுத்தி, தேவகுமாரியைப் பார்த்தார். "உமக்கு முன்னமே தெரியும், என்ன?"

"ஓம் ஐயா."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் பாத்தால் நீங்களே சொல்லுவியள். அதுதான்."

அவர் தலையை ஆட்டினார். ஏழு நல்ல சாடியில் ஆறை வானுக்கு ஏற்ற உதவினார். பம் வேண்டாமாம். இது றெயில்வேச் சாமான், எனக்கு விற்க உரிமையில்லை, இரவல்தான் என்றார். றெயில் ஓடத் தொடங்கினால் திருப்பித் தருவதாக ஒரு கடதாசியில் எழுதி இரண்டு பேரையும் கையெழுத்து வைக்கச் சொன்னார். எழுதினதைப் புதுக் கண்ணாடியால் மூன்று தரம் வாசித்தார். அந்தப் பம் அந்தப் போகம் எங்கள் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தது.

கட்டிலுக்குக் கீழே ஆறு சாடியும் போனதும் கட்டில் ஒரு சாண் உயர்ந்தது. இராசசிங்கம் வந்து வயரைத் தட்டிப் பார்த்தார். ஒரு சின்னச் சிவப்புப் பொறி. இதை நம்பியோ பருத்தித்துறைக்குப் போகிறீர்கள் என்று கவலைப்பட்டார். இராசநாயகத்துக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் மூன்றாம் நாள் அங்கே வந்து வானைப் பார்ப்பார் என்றார். வரட்டும் அத்தான் என்றாள் தேவகுமாரி.

திங்கட்கிழமை விடியக் கிளம்பினார்கள். சின்னப் போத்தலில் இருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். புகை எங்கள் மாமரத்தை மறைத்தது. புத்தூர் தாண்டி வல்லை வெளியில் குண்டும் குழியுமாகக் குலுங்கிப் போகும்போது சாடிகள் கட்டிலுக்குக் கீழே களுக் களுக்கென்று தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டதாம். ஓடும்போது நிரம்புகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாளாம்.

பருத்தித்துறையில் தேவாலயத்துக்குப் பக்கத்தில், கடல் காற்று நேரே அடிக்கிற வளவில் நிறுத்தினார்கள். முதல் நாள் இருபது பேர். கிழிந்த வலை பொத்துகிறவர்கள், தோணிக்காரர், பள்ளிக்கூட ரீச்சர்மார். திரைக்குள் புழுக்கம் தாங்கவில்லை. யாரோ கொண்டுவந்து கொடுத்த தட்டை வடையைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தபடி வேலை செய்தார்கள். தேவகுமாரி கதவடியில் பெயர் எழுதினாள், வில்லை தீட்டினாள். ஒவ்வொரு மணிக்கும் தலையை உள்ளே விட்டுக் கடைசி வரியைப் பார்த்தாள். பின்னேரம் ஐந்து மணிக்கும் ஆறு எழுத்தும் நின்றன. இரண்டாம் நாளும் நின்றன. அன்றைக்கு வானத்தில் குண்டு போடுகிற பொம்மரின் இரைச்சல் கேட்டு எல்லோரும் பதுங்கு குழிக்கு ஓடித் திரும்பி வந்தபோது, அணைக்க மறந்த விளக்கு ஆளில்லாத வானுக்குள் எரிந்துகொண்டிருந்தது. அன்புராஜா அதைப் பார்த்தபடி படியில் கொஞ்ச நேரம் நின்றானாம்.

மூன்றாம் நாள் மூன்று மணிக்குச் சின்னாச்சி என்கிற கருவாடு விற்கிற பெண் வந்து உட்கார்ந்தாள். எழுத்துத் தெரியாதவள். அவளுக்கு முள்ளுக்கரண்டி மாதிரிப் படம் போட்ட பலகை. முள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். வில்லையை மாற்ற மாற்ற அவளுடைய கை விரைவாகக் காட்டத் தொடங்கியது. மேல், வலம், கீழ், கடைசி வரி வரைக்கும். பிறகு அவள் பலகையை விட்டுவிட்டு அன்புராஜாவின் முகத்தை உற்றுப் பார்த்து, தம்பி நீ சவரம் எடுக்கேல்லை என்றாள்.

அதற்கு எழுந்த சிரிப்பு அடங்குமுன் கதவடியில் ஒரு ஆள் வந்து நின்றார். பட்டுக்கரை வேட்டி, தோல் செருப்பு, கையில் குடை. இராசநாயகம். வானைச் சுற்றி ஒரு நடை வந்தார். சக்கரத்து ரயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். பின்பக்கத்து அகலத்தைக் குடையால் அளந்தார். உங்கள் அண்ணை சொல்லித்தான் வந்தேன், கட்டிலை எப்போது கழற்றுவீர்கள் என்று கேட்டுக்கொண்டு, தூசி படிந்த செருப்போடு ஒரு காலைப் படியில் தூக்கி வைத்தார்.

தேவகுமாரி பெயர்க் கொப்பியை மூடினாள். சொல்ல வேண்டியதை எல்லாம் இரண்டு கிழமையாக மனதுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்தவள். வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அன்புராஜாவின் குரல் வந்தது. மரியாதையான குரல்தான்.

"அண்ணை, செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ."

இராசநாயகம் தன் காலைப் பார்த்தார். உள்ளே விரித்திருந்த பாயைப் பார்த்தார், அதற்கு அப்பால் பளிச்சென்று எரிந்த எழுத்துகளைப் பார்த்தார். தூக்கின காலை எடுத்துக் கீழே வைத்தார். குடையைக் கதவில் சாய்த்துவிட்டு, குனிந்து, ஒரு செருப்பைக் கழற்றினார். பிறகு மற்றதையும் கழற்றினார். தேவகுமாரி கொப்பியைத் திறந்து அவருடைய பெயரை எழுதிக்கொண்டாள். அறுபத்தோராவது ஆள்.